சாம்பிராணிக் கோழி

பெண்ணைப் பெற்றவர் எதிரே நிற்கும்போது, ‘அது எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் துணிச்சல் எந்த வாலிபனுக்கும் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. அதனால் ஒரு கோழி பாழானது.

அறுபதுகளின் தொடக்கம். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, வருகிற போகிற வேலைக்கெல்லாம் தென்காசியிலிருந்து மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் தம்பி, பினாங்கு மாமா, குடும்பத்தோடு ஊர் திரும்பி, சாரலுக்குக் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். அவர் மகள் கோமதி எனக்கு முறைப்பெண். செங்கோட்டையிலிருந்து வேறொரு வரனும் வந்திருந்தது. (அவனுக்குச் சொந்தமாக மரக்கடை. எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள், அதுவும் பெல் இல்லாதது.) அம்மா என் பேச்சை எடுத்தபோது மாமா, “பய எப்படின்னு பாப்போம்க்கா” என்று மட்டும் சொன்னாராம்.

அந்தப் பரீட்சை ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா ஒரு தகர டிரம்மை நெடுக்குவாட்டில் பிளந்து, மேலே கம்பி வலை போட்டு, கொல்லையில் நிறுத்தியிருந்தார். பினாங்குப் பழக்கம். எங்கள் ஊரில் கோழி என்றால் குழம்பில்தான் கிடக்கும். நெருப்பின் மேல் படுத்து நான் பார்த்ததில்லை.

“மருமவனே, மசாலா என் பொறுப்பு. கரி உன் பொறுப்பு. நல்ல கரியா இருக்கணும், புகை வாசனையா வரணும். கரி பாக்கத் தெரியுமாலே?”

“அதெல்லாம் நல்லாத் தெரியும் மாமா.”

தென்காசி விறகுக் கடையில் மூன்று சாக்குகளைத் திறந்து வைத்திருந்தார்கள்.

“எதுக்குத் தம்பி? இஸ்திரிப் பெட்டிக்கா, பட்டறைக்கா?”

“ஒரு விசேஷத்துக்கு அண்ணாச்சி” என்றேன். கோழிக்கு என்று சொல்ல ஏனோ கூச்சம்.

“எதையும் எடுங்க, எல்லாம் கரிதான்” என்று அவர் பீடி பற்ற வைக்கப் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கி எடுக்கத் தெரிந்த ஒரே சாமான் தேங்காய். ஆகவே கரியையும் ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தேன். முதல் சாக்கில் ‘டிங்’ என்றது, எடையே இல்லை. ‘உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுக் கரி’ என்று தள்ளினேன். இரண்டாவது தேங்காய்ச் சிரட்டைக் கரி, எல்லாம் பொடிசு. மூன்றாவது ‘தொத்’ என்றது. தூக்கினால் கை இழுத்தது. திடமான சரக்கு! (டிங் என்பதுதான் நன்றாக வெந்த கரி, தொத் என்பது பாதி வெந்த மரக்கட்டை என்பதை அப்புறம் ஊரே சேர்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது.) அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, குற்றாலம் வரை சாரலில் நனைய நனையக் கொண்டு போய்ச் சேர்த்தேன்.

பற்ற வைத்ததும் நெருப்பைத் தவிர மற்ற எல்லாம் வந்தது. முதலில் கரியில் ஊறிய தண்ணீர் கொதித்தது, பிறகு புகை. மாமா இருமிக்கொண்டே விசிறினார். அடுத்த வீட்டில் அருவிக்குப் புறப்பட்டு உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்ற ஒருவர், “தீப்பிடிச்சிட்டு! தீப்பிடிச்சிட்டு!” என்று வாளியோடு ஓடி வந்து, வாசலில் வழுக்கி விழுந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகி, மாமா முகம் கழுவ உள்ளே போனார்.

நல்ல கரி என்ற பேச்சு போயிற்று. வாசனையையாவது காப்பாற்றலாமே? சாமி படத்தடியில் சாம்பிராணி இருந்தது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்த பெண்கள் கூந்தலுக்குக் காட்டும் புகையைவிட மணமான புகை உலகத்தில் உண்டா? ஒரு வழியாகக் கனன்ற கரியில் ஒரு கை அள்ளிப் போட்டு, வலைமேல் கிடந்த கோழியோடு டிரம்மின் மறுபாதியைக் கவிழ்த்து மூடினேன்.

கொல்லைப் பக்கத்துத் தாழ்வாரத்தில் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா ஒரு வாய் கடித்தார். மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

அத்தைதான் பேசினாள். “என்னங்க, இது கோழியா, குளிப்பாட்டி எடுத்த பச்சப்பிள்ளையா?”

அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு ஒரு கால் துண்டைப் பறித்துக்கொண்டு மதில்மேல் ஏறியது. கடித்தது. என்னைப் பார்த்தது. துண்டை மதில்மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டது. வாழைப்பழத்தோலைக்கூட விடாத குற்றாலத்துக் குரங்கு!

மாமா இலையை மடக்கினார். “ஏலே, ஒரு சாக்குக் கரி பாத்து வாங்கத் தெரியல. நீ எம்புள்ளய எப்படிலே வச்சிக் காப்பாத்தப் போற?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. (புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.) செங்கோட்டை மரக்கடைக்காரன் மாலையும் கழுத்துமாக என் கண்முன் வந்து நின்றான்.

அப்போது அடுக்களை வாசலிலிருந்து கோமதியின் குரல் கேட்டது.

“கரிய நான் பாத்து வாங்கிக்கிடுதேன்ப்பா.”

அத்தை குனிந்து இலையில் எதையோ தேடினாள். மாமா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் வீங்கிய கண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தார். தை மாதம் கல்யாணம்.

கோமதி சொன்ன சொல் தவறவில்லை. கரி போய் கேஸ் வந்த பிறகும் இந்த வீட்டுக்குக் கத்தரிக்காய் முதல் மருமகள் வரை பார்த்து எடுத்தது அவள்தான். நான் பை பிடிப்பேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் பேரப்பிள்ளைகள் தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். “தாத்தா, எனக்குக் கால் துண்டு!”

கோமதி மட்டும் இந்தக் கேலியில் சேருவதில்லை. அன்றைக்குத் தன் பங்குக் கோழியை எலும்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்றவள் அவள் ஒருத்திதான். எப்படி இருந்தது என்று கேட்டால், “அதப் பத்திப் பேசாதிய” என்கிறாள்.