மாமனாரின் காலணியைக் கழுவிவிட்டார்கள்

குருமே நகர்,
மார்ச் 22, சனிக்கிழமை

'சின்னக் குருவி' சிறுவர் இதழாசிரியர் நாகாயே அம்மாள் அவர்களுக்கு,

செர்ரி மொட்டு விடும் இந்நாளில் தாங்கள் சளி காய்ச்சலின்றி நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் காலணிக் கடையும் நலம். ஒசாகா போன என் கணவர் நாளை திரும்பும்வரை நலமாகவே இருப்பேன்.

ஸ்னீக்கர் பிறந்த கதையைச் சிறுவர்களுக்கு எழுதச் சொன்னீர்கள். பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதலாமென்று நேற்று எங்கள் தெருப் பள்ளிக்குப் போனேன். வெறுங்கையோடு போயிருக்கலாம். என் கெட்ட நேரம், அலமாரியில் மாமனாரின் காலணி கண்ணில் பட்டது. கட்டைவிரல் தனியாகப் பிரிந்து, ரப்பர் அடி ஒட்டிய துணிக் காலணி. நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் போட்டது. அதிலுள்ள கரியை நாற்பது வருடமாக யாரும் தொட்டதில்லை. புத்தாண்டுதோறும் என் கணவர் அதைக் கும்பிட்டு, "இது எங்கப்பாவோட உழைப்பு" என்று கண் கலங்குவார். அவரைக் கேட்காமல் எடுத்துப் போனேன்.

துணைத் தலைமையாசிரியர் எகுச்சி வாசலிலேயே மறித்தார். "வெளியில போடுறது உள்ள வரக் கூடாதுங்க."

"இதை யாரும் போடுறதில்லீங்க. இது வரலாறு."

"வரலாறா இருந்தாலும் தரையில கரி விழும்ல? வாசல்ல இருக்குற காலணி அடுக்குல வைங்க. பேர் எழுதியிருக்கா? எங்கப்பா காலணியைச் சுரங்கத்துக் குளியலறையில எவனோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டான். சாகுற வரைக்கும் அவனைத் திட்டிக்கிட்டே இருந்தார்."

வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். ரப்பர் முதலில் வெயிலில் இளகியது, குளிரில் விறைத்தது, கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது என்றேன். ரப்பர் அடி சத்தம் போடாததால் அமெரிக்காவில் பதுங்கி நடப்பதைக் குறிக்கும் 'ஸ்னீக்' என்ற சொல்லையே அந்தக் காலணிக்குப் பெயராக வைத்தார்கள் என்றேன். "அப்போ திருடங்க போடுறதா?" என்றாள் ஒருத்தி. வகுப்பே பதுங்கி நடந்தது. நானும் நடந்தேன். அன்று பருவ முடிவுத் துப்புரவு நாளாம். அந்த நேரம் பார்த்து நான்காம் வகுப்பு வாசல் அடுக்கைச் சுத்தம் செய்ய வந்திருக்கிறது. திரும்பி வந்தால், "அத்தை, ரொம்ப அழுக்கு! எட்டுப் பேர் சேர்ந்து தேய்ச்சோம்!" என்று நீட்டுகிறார்கள். கறுப்பென்று நாங்கள் நினைத்திருந்த காலணி கருநீலமாம். 

அம்மா, 'இதழுக்குப் படம் எடுப்பதற்காக நாங்கள்தான் கழுவினோம்' என்று என் கணவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். அவர் இங்கிருந்து திட்டினால் உங்களுக்குக் கேட்கவா போகிறது? இல்லையென்றால் எனக்கு வீடும் இல்லை, உங்களுக்குக் கட்டுரையும் இல்லை.

தங்கள் இதழும் தங்கள் காலணியின் குதியும் தேயாமலிருக்க வேண்டும்,
தோகுனாகா மித்சுயே

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவர் இன்றே வந்துவிட்டார். காலணியைப் பார்த்தார். நான் அழத் தயாரானேன். அவர் அதன் உட்புறத்தைத் திருப்பினார். கரி போன இடத்தில் மையெழுத்தில் ஒரு பெயர்: எகுச்சி.

அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்போ நாற்பது வருஷமா நான் யாரைடி கும்பிட்டேன்?" என்றார்.

"எகுச்சியோட அப்பாவை. அவரும் உழைச்சவர்தானே."

இப்போது இனிப்புப் பெட்டியும் காலணியுமாக எகுச்சி வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறார். தாங்கள் பொய் எழுத வேண்டாம். கட்டுரை திங்களன்று வரும். கடைசி வரியை மட்டும் இப்போதே எழுதிவிட்டேன்: பிள்ளைகளே, காலணியில் பெயர் எழுதுங்கள், வாரம் ஒருமுறை கழுவுங்கள்.