ஃபோர்க்குக்கு அளவெடுத்தபோது

மனைவி லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகியும் பைக் சாவி நூலகரின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் அதுவும் போகும். தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த மனைவி கேட்கும்போதெல்லாம் அவர் ஒரு காரணம் சொன்னார். முதலில் மழை, பிறகு வெயில், அப்புறம் டயர். காரணமெல்லாம் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியே பார்த்து அவருக்கு ஒன்றைக் கொடுத்தது. பிரேக் பிடித்தால் மூக்கு பொசுக்கென்று கீழே இறங்கியது.

"பாத்தியா, முன்பக்கம் எப்படிக் குத்துது! இதுல உன்னை அனுப்பிட்டு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? முன்பக்கம் சரியாகட்டும். அன்னிக்கே சாவி உன் கையில."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். சண்டை போடாமல் போனது நூலகருக்குச் சற்று உறுத்தியது.

ஆனாலும் திட்டம் பிரமாதமான திட்டம். முன்பக்கத்தைச் சரிசெய்துவிடுவது, ஆனால் தன் கனத்த உடம்புக்கு ஏற்றபடி, கருங்கல் போலச் சரிசெய்துவிடுவது. அவள் ஒல்லி. ஒரு சுற்றுப் போனால் மணிக்கட்டு மரத்துப் போகும், சாவி தானாகத் திரும்பி வந்துவிடும். பாம்பும் செத்தது, தடியும் முறியவில்லை.

இந்த அயோக்கியத்தனத்துக்காகப் படிக்க உட்கார்ந்தவரைப் படிப்பு பிடித்துக்கொண்டது. முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அந்த இரண்டு குழாய்களுக்குள் என்னதான் நடக்கிறது? இரண்டு நாள் நூலகத்தில் யார் என்ன கேட்டாலும் "அந்த அலமாரியில பாருங்க" என்று கையை மட்டும் காட்டினார். மூன்றாம் நாள் வீட்டுக்கு மூன்று புட்டிகளோடு வந்தார். ஒன்றில் பத்து என்று போட்டிருந்தது, இன்னொன்றில் பதினைந்து, மற்றதில் இருபது.

"என்னங்க இது, எண்ணெய்க்குப் போய் நம்பர்?"

"நம்பர் ஏற ஏற எண்ணெய் கெட்டி."

"கெட்டியா இருந்தா என்ன ஆகும்?"

கேட்டாளே! நூலகர் சமையலறைக்குள் பாய்ந்தார். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், இன்னொன்றில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். ஜல்லிக்கரண்டியைத் தண்ணீரில் அழுத்தினார். சட்டென்று இறங்கியது. சோப்பில் அழுத்தினார். கல்யாணப் பெண் நடப்பதுபோல மெல்ல இறங்கியது.

"ஃபோர்க்குக்குள்ள இதேதான் நடக்குது. ஓட்டை, ஓட்டை வழியா எண்ணெய். கெட்டி எண்ணெய்னா மெதுவா இறங்கும்."

"குடுங்க, நானும் பாக்கறேன்." அவள் கரண்டியைச் சோப்பில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். கரண்டி மெல்ல, மிக மெல்ல இறங்கி, அடியில் போய் உட்கார்ந்தது.

"மெதுவாப் போனாலும் கடைசியில தரையைத் தொட்டுடுச்சே. அப்ப எண்ணெய் வேகத்தைத்தான் குறைக்குது. கனத்தைத் தாங்குறது எதுங்க?"

இரண்டு நாள் படித்து அவர் வந்து சேர்ந்த இடத்துக்கு அவள் ஒரு கரண்டியோடு இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டாள். அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"ஸ்பிரிங்" என்றார்.

"எந்த ஸ்பிரிங்னு எப்படித் தெரியும்?"

"ஆளோட எடையை வச்சு. ஆள் உக்காந்தா வண்டி எவ்வளவு இறங்குதுன்னும் பாக்கணும்."

"அளவெடுக்கணும்னு சொல்லுங்க!" அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி கழுத்தில் டேப் தொங்கியது.

ஃபோர்க்கின் பளபளப்பான காலில் உள்பாவாடைக்குத் தைக்கும் எலாஸ்டிக்கை ஒரு சுற்றுக் கட்டினாள். நூலகர் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்தார். வண்டி பெருமூச்சு விட்டது. அவர் இறங்கியதும் எலாஸ்டிக் நகர்ந்த தூரத்தை அளந்தாள். "அஞ்சு சென்டிமீட்டர். மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, சட்டைக்கா அளவெடுக்கறேன்?"

ரசீதுப் புத்தகத்தில் அவர் எடையையும் இறக்கத்தையும் குறித்துக்கொண்டு, "நானும் ஒரு தடவை உக்காரட்டுமா? எவ்வளவு இறங்கும்னு பாக்க ஆசையா இருக்குங்க" என்றாள்.

உண்மையில் நூலகருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தாராள மனத்தோடு அனுமதித்தார். மூன்றரை. அதுவும் அவள் எடையும் அதே ரசீதுச் சீட்டில் ஏறின.

மறுநாள் காலை, தையல் கடைக்கு எதிரே இருந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு அவர் பஸ் பிடித்தார். மெக்கானிக் இன்னும் வரவில்லை. ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் சாவியைக் கொடுக்கும்போது பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல இருந்தது. "அவரு வந்ததும் அந்த அளவைக் குடுத்துடு" என்று மனைவியிடம் சொன்னார்.

"குடுக்காம இருப்பேனா?" என்றாள்.

சாயங்காலம் வண்டி தயாராக நின்றது. நூலகர் ஏறி ஒரு சுற்றுப் போனார். கருங்கல்லை எதிர்பார்த்துத் தெருமுனையில் பிரேக் பிடித்தார். முன்பக்கம் தலையணை மாதிரி அமுங்கியது. திரும்பி வந்தவர் குதித்தார்.

"என்னய்யா ஸ்பிரிங் இது? நான் உக்காந்தா மண்டி போடுது!"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "பதினஞ்சு நம்பர் எண்ணெய், எடைக்கு ஏத்த ஸ்பிரிங். எல்லாம் சீட்டுப்படிதான் சார்."

"யாரோட எடை?"

மெக்கானிக் எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கிருந்து அவள் நிதானமாகச் சாலையைக் கடந்து வந்தாள்.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன குடுத்தே?"

"அளவைக் குடுன்னீங்க, குடுத்தேன். 'ஓட்டப்போறது யாரு, அவங்க எடைதான் முன்பக்கத்துக்கு முக்கியம்'னு இவரு கேட்டாரு. முன்பக்கம் சரியானா சாவி எனக்குன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. சட்டையைப் போடப்போறவங்களுக்குத் தைக்காம கூட வந்தவங்களுக்கா தைப்பாங்க?"

நூலகர் சாவியை நீட்டினார். அவள் ஏறிப் புறப்பட்டாள். தெருமுனையில் பிரேக் பிடித்தாள். மூக்கு இரண்டு விரல் அளவு தணிந்தது, நின்றது, துள்ளாமல் நிமிர்ந்தது. இரண்டு நாள் படித்ததெல்லாம் கண்ணெதிரே நடந்ததைப் பார்த்து, தோற்றதையே மறந்து நூலகர் "அடடா!" என்று கைதட்டிவிட்டார். பிறகுதான் ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டார்.

அவள் வந்து நிறுத்தியதும் கடைசியாக ஒரு அம்பை எடுத்தார். "எல்லாம் சரி, என் எடையையும்தானே எழுதினே? அது வீண்தானா?"

"வீணாப் போக விடுவேனாங்க? பின்சீட்டைத் தாங்குற ஷாக் அப்சார்பரை அதுக்கு ஏத்த மாதிரி வைக்கச் சொல்லிட்டேன். ஏறுங்க."