பிச்சமுத்துவின் தேய்வுச் சான்று

உடம்பு தேய்ந்துபோனதற்குச் சான்று தரும் அலுவலகம் ஒன்று திருச்சியில் இருக்கிறது. அங்கே போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. "முன்ன மாதிரி முடியலைங்க" என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுவதால் தேய்வின் தரத்தை நிர்ணயிக்க இயலவில்லையாம். ஆகவே விண்ணப்பதாரர் இனி, அங்கீகரிக்கப்பட்ட ஐந்து ஆங்கில மரபுத்தொடர்களில் ஒன்றைப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். அடடா, என்ன மூளை!

காந்தி மார்க்கெட்டில் நாற்பது வருஷம் வெங்காய மூட்டை தூக்கியவர் பிச்சமுத்து. இடுப்பு போச்சு. இந்தச் சான்றைக் காட்டினால்தான் சங்கத்தில் அவரை மூட்டையிலிருந்து விடுவித்து, கேட்டில் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டு கொடுக்கும் வேலைக்கு மாற்றுவார்கள். பத்து நாள் மூட்டைக்கு அடியிலேயே மனப்பாடம் செய்துவிட்டு வந்து, வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்.

அதிகாரி அருள்நாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "சொல்லுங்க."

"ஐ ஆம் எ ஷேடோ ஆஃப் மை ஃபார்மர் செல்ஃப், சார்."

பழைய ஆளின் வெறும் நிழலாகிவிட்டாராம். ஒரு பிசிறு இல்லை.

"பிரமாதம்! மூச்சு வாங்கலை, நாக்கு குழறலை, ஞாபகசக்தியும் அபாரம். இதுல தேய்வு எங்கங்க இருக்கு?"

"தப்பா சொல்லியிருந்தா, சார்?"

"விண்ணப்பம் முழுமை பெறலைன்னு தள்ளுபடி ஆகியிருக்கும்."

"அப்ப யாருக்குத்தாங்க சான்று குடுப்பீங்க?"

"அதுக்கு இன்னும் சுற்றறிக்கை வரலை. சரி, போறபோது அந்த ஃபைல் கட்டை மாடியில வச்சிட்டுப் போங்க. எங்க அட்டெண்டருக்கு இடுப்பு வலி."

மார்க்கெட் ஆளிடம் கட்டைக் காட்டினால் போதும், தோள் துண்டு தானாகச் சும்மாடாகச் சுருண்டு தலைக்குப் போய்விடும். பாவி மனுஷன் குனிந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் படியேறி முடிப்பதற்குள் அருள்நாதன் எழுதிவிட்டார்: 'விண்ணப்பதாரர் என் முன்னிலையில் சுமை தூக்கினார். தேய்வு இல்லை.'

இப்படியும் ஒரு அநியாயமா! வரிசையில் இருபது பேர் நின்றோம். அவரவர் வாக்கியத்தை வாய்க்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிச்சமுத்து கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, செல்ஃபுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே, அதை ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க. அடுத்தது நான்தான்."