ஒப்பீட்டுப் பக்கமும் என் ஈரக் கையுறையும்

என்னைப் போன்ற கூச்சக்காரர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதே ஊருக்கு நல்லது. நான் ஒரே ஒரு தடவை திறந்தேன்.

அப்போது ஊட்டியில் ஒரு வங்கிக் கிளையில் தற்காலிக அட்டெண்டராக இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. (அதுவும் வாத்தியாரின் கருணையால்.) தற்காலிகமாகவே பதினோரு வருடம் ஓடிவிட்டது. என்னை நிரந்தரமாக்கக் கேட்டு அனுப்பிய கடிதம், சென்னைத் தலைமை அலுவலகத்தில் ஒரு மேடத்தின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். எந்த ஊரில் டெபாசிட் ஏறுகிறது, யார் தவணை கட்டத் திணறுவார் என்பதையெல்லாம் வட்டமும் வண்ணமுமாகக் காட்டும். மேனேஜர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டுமாம். எங்கள் மேனேஜருக்கு அதைக் கண்டாலே ஆகாது. பக்கத்துச் சோலூரிலிருந்து கடன் கேட்டு ஒருவர் கதவைத் தள்ளும்போதே, கட்டுவாரா மாட்டாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடும் தனக்கு இது பாடம் நடத்துவதா என்பார். ஆனால் யார் திறக்கிறார்கள், யார் திறக்கவில்லை என்று சென்னையில் கவனித்தார்கள். எனவே பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்து, காலையில் பெருக்கும்போதே திறந்து வைக்கச் சொல்லிவிட்டார்.

திறந்து வைத்ததோடு நான் நின்றிருக்கலாம். காந்தலில் இருக்கும் என் வீட்டிலிருந்து பனியில் நடந்து வந்தால் கையுறை நனைந்துவிடும். எல்லாக் கிளைகளையும் ஒப்பிட்டுக் காட்டும் பக்கத்தை அமுக்கினால், அந்தப் பழைய கம்ப்யூட்டர் டப்பா உறுமிக்கொண்டு பின்பக்கமாகச் சூடான காற்று விடும். காற்று குறைந்தால் மறுபடி அமுக்குவேன். கையுறை ஒன்றுக்கு ஆறு அமுக்கு. (மழைக்காலத்தில் சாக்ஸும் சேரும்.)

ஒரு நாள் அந்த மேடமே வந்து இறங்கினார். யாருமே தொடாத அந்தக் கடினமான பக்கத்தை எங்கள் மேனேஜர்தான் மாநிலத்திலேயே அதிகம் பார்க்கிறாராம். மற்றவர்கள் ஏன் ஒதுங்குகிறார்கள், இவர் மட்டும் ஏன் விரும்புகிறார் என்று எழுதிக்கொள்ள நோட்டோடு உட்கார்ந்தார். மேனேஜர் 'தொலைநோக்கு' என்று ஆரம்பித்து ஏதேதோ பேசினார். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டச் சொன்னார் மேடம்.

மவுஸ் அம்பு திரை முழுக்க மேய்ந்தது. அந்தக் குளிரிலும் மேனேஜருக்கு வியர்த்தது. டீத் தட்டோடு நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"மேல மூணாவதுங்க சார். ரெண்டு தடவ அமுக்கோணுங்க."

மேடம் மெதுவாகத் திரும்பினார். "இதை நீங்கதான் பாக்கறீங்களா?"

"பாக்கமாட்டனுங்க மேடம். கிளவுஸ் காயப்போடுவனுங்க."

எழுந்து வந்து டப்பாவின் பின்னால் எட்டிப் பார்த்தார். இரண்டு கையுறையும் ஒரு சாக்ஸும் கிடந்தன. சாக்ஸைத் தள்ளிவிட்டுத் தன் கையை நீட்டினார். எடுக்கவே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அப்புறம் மேனேஜர் வாங்கிய திட்டு டீக்கடை வரை கேட்டது. பாஸ்வேர்டு மாறியது. என் வேலை போச்சு என்று மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தபாலில் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, கையெழுத்தான என் நிரந்தர உத்தரவு. மற்றொன்று, புதிய முறையைக் கிளைகள் ஏற்கத் தூண்டும் காரணங்கள் பற்றிய சுற்றறிக்கை. பயிற்சி, மேலதிகாரியின் ஊக்கம் என்று போய், கடைசியில் 'மலைப்பகுதிகளில் தட்பவெப்பம்' என்று முடிந்தது. மேனேஜர் அதை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாசித்தார்.

மகளுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டார் நான் எந்தப் பரீட்சை எழுதி வங்கியில் நிரந்தரமானேன் என்று கேட்டார்கள். நான் தலை குனிந்தேன். என் மனைவிதான் பதில் சொன்னாள்: "பரீச்சையெல்லாம் இல்லீங்க. நனைஞ்சு போனாருங்க, காஞ்சு வந்தாருங்க."

சம்பந்தி இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால், உட்காருவதற்கு முன்பே, "காஞ்சுட்டீங்களா?" என்றுதான் விசாரிக்கிறார்.