வெள்ளைக்காரன் காலத்து மேசை

படித்தவர்களுக்கு வரும் வியாதிகளில் ஒன்று பழைய சாமான் மேல் வரும் ஆசை. புதுசு வாங்க வக்கில்லாதவர்களை அது அண்டுவதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான் என்பதால், முதன்முதலாக அது என்னைத்தான் பிடித்தது.

மதுரையில் ஒரு கல்லூரியில் எனக்கு வரலாறு சொல்லித்தரும் வேலை கிடைத்த புதிது. எங்கள் துறைத்தலைவர் மேடம் ஒருநாள் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவர் அறையில் கருத்துப்போன தேக்கில் ஒரு பழைய எழுத்து மேசை இருந்தது. அதில் அவர் ஒரு கையை ஊன்றி நின்று பேசியதைப் பார்த்தேன். அவ்வளவுதான். நமக்கு அறிவு போதாமல் இல்லை, அந்த மேசை இல்லாததுதான் குறை என்று முடிவு கட்டிவிட்டேன்.

மதுரைக் கடைவீதிச் சந்து ஒன்றில் காதர் அண்ணன் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்தார். நான்கு சனிக்கிழமைகள் அங்கே போனேன். எந்தச் சாமானைத் தொட்டு, "இது எந்தக் காலம்ணே?" என்று கேட்டாலும், "வெள்ளைக்காரன் காலம்மா" என்பார். அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். நானும் சும்மா இல்லை. மரத்தை விரல் முட்டியால் தட்டினேன். இழுப்பறையை உருவி உள்ளே மூக்கை நுழைத்து மோந்து பார்த்தேன். (மோந்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. மேடம் அப்படிச் செய்வதாகச் சொல்லியிருந்தார்.)

"முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். மேசைய மோந்து பாத்து வாங்க வந்த மொத ஆளு நீங்கதாம்மா" என்றார் காதர் அண்ணன்.

முதலில் அவர் காட்டியது கணக்குப்பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு எழுதும் சாய்வுப் பெட்டி. நல்ல வேலைப்பாடுதான். ஆனால் தரையில் உட்கார்ந்து எழுதி எழுதித்தான் நான் எம்.ஏ. வரை வந்திருந்தேன், மறுபடியும் தரைக்கா என்று தள்ளிவிட்டேன். இரண்டாவது மேசைக்கு இழுத்து மூடும் மூடி பாதியில் சிக்கிக்கொண்டது. மூன்றாவதற்கு மூன்று கால்தான் சொந்தக் கால். நான்காவது சனிக்கிழமை என் மேசை வந்தது. தேக்கு. மூன்று இழுப்பறைகள், பித்தளைக் கைப்பிடிகள், மைக்கூடு வைக்க ஒரு குழி. மேல்பலகையின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மைக்கறை. பார்த்ததும் மனசு அதிலேயே விழுந்துவிட்டது. யாரோ ஒருவர் நெஞ்சு படபடக்க எதையோ எழுதும்போது மையைக் கொட்டியிருக்கிறார், என்ன எழுதினாரோ என்று அங்கேயே நின்று யோசித்தேன். (வட்டிக் கணக்காகத்தான் இருக்கும். அன்றைக்கு எனக்குக் காதல் கடிதமாகத் தெரிந்தது.)

வண்டியில் ஏற்றும்போது காதர் அண்ணன் சொன்னார்: "கறையத் தேச்சுராதீங்கம்மா. பெயிண்டு, பாலிசு ஒண்ணும் வேணாம். இம்புட்டு வருசம் இருந்தது அப்படியே இருக்கட்டும். வீட்லயும் சொல்லி வைங்க."

நான் வீட்டில் சொல்லவில்லை. அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். அறுபது பிள்ளைகளுக்கு முகலாயர் நிர்வாகத்தை ஒரு மணி நேரம் விளக்கத் தெரிந்தவளுக்கு, பெற்ற அப்பாவிடம் ஒரு மைக்கறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் வீடு திருவாதவூர்ப் பக்கம். மேசையைக் குட்டி யானை வண்டியிலிருந்து இறக்கியதும், அப்பா அதை மாடு பார்ப்பதுபோல் சுற்றிச்சுற்றி வந்தார். காலைப் பார்த்தார். முதுகைத் தடவினார். இழுப்பறையை இழுத்து உள்ளே பார்த்தது பல்லைப் பிடித்துப் பார்த்ததுபோலவே இருந்தது.

"யாரு வீட்டுச் சாமான்த்தா இது?" என்றார்.

யாரோ என்றேன்.

"இருக்காகளா, செத்துட்டாகளா?"

நூறு வருஷத்துச் சாமானுக்குச் சொந்தக்காரர் இருப்பாரா என்று சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. கறையை மட்டும் பெருவிரலால் இரண்டு தடவை அழுத்தித் துடைத்துப் பார்த்தார். அது போகவில்லை.

அப்பா பத்து வயசில் ஒரு பெரிய வீட்டில் மாடு மேய்த்தவர். அந்த வீட்டுப் பையன்கள் போட்டுக் கழித்த சட்டைதான் அவருக்குச் சட்டை. பொத்தான் ஒன்று கூட அவருக்கென்று தைத்ததில்லை. அதனால் என் பிள்ளை அடுத்தவன் கழித்ததைத் தொடக்கூடாது என்று ஒரு வைராக்கியம் அவருக்கு. என் தோழிகள் அக்காமார்களின் பழைய சீருடையில் வந்த நாட்களில், நான் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுத்துணி மொடமொடக்கப் பள்ளிக்கூடம் போனேன். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தெரிந்தேதான், என் முதல் சம்பாத்தியத்தில் ஊர் பேர் தெரியாத ஒருவர் கழித்ததை வாங்கி வந்து அவர் முன்னால் இறக்கினேன்.

மறுநாள் மதுரை விடுதிக்குப் போனவள், விடைத்தாள் திருத்தும் வேலையில் போகி அன்றைக்குத்தான் திரும்பினேன். மேடம் பொங்கலுக்குத் திருச்சிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறவர், போகிற வழியில் என்னை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். "அப்படியே உன் மேசையையும் பாத்துருவோம்" என்றார். அந்த மேசையைப் பற்றி ஒரு மாதமாக நான் துறையில் அவ்வளவு அளந்திருந்தேன். மைக்கறையைப் பற்றி மட்டும் தனியாக ஒரு சொற்பொழிவே செய்திருந்தேன்.

பொங்கலுக்கு முன் எங்கள் பக்கம் வீட்டில் அசையாமல் நிற்பது எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். கதவு, ஜன்னல், இரும்புக் கேட்டு, மாட்டுக் கொம்பு. (கொம்பு அசையும். பிடித்துக்கொண்டு அடிப்பார்கள்.) நான் மேடத்தை அழைத்துக்கொண்டு பெருமையாக என் அறைக்குள் நுழைந்தேன்.

மேசை நீலமாக இருந்தது. எங்கள் கேட்டு நீலம். இழுப்பறை ஓரங்களுக்குக் கொம்புச் சிவப்பு. பித்தளைக் கைப்பிடிகளுக்கு, அவை பித்தளை மாதிரித் தெரியவேண்டும் என்று, மஞ்சள் பெயிண்ட். மேல்பலகையை ஆசாரியை வரவழைத்து இழைத்திருந்தார்கள். மைக்கறை இருந்த இடத்தில் அப்பா சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்.

அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விரலெல்லாம் நீலம். அவர் மேசையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதங்களில் புதுச் சீருடையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு அப்படித்தான் பார்ப்பார்.

"இதுவா அது?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்" என்றேன். வாய் தானாகப் பேசியது. "அது கடையிலயே இருக்கு, ஒரு சின்ன ரிப்பேர். இது அப்பாவோட மேசை. மாட்டுச் சாமான் வைக்கிறது."

அப்பாவுக்கு என்ன புரிந்தது, எப்படி அவ்வளவு சீக்கிரம் புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆமாங்கம்மா, என்னுதுதேன்" என்றார். "இந்தச் சாமான் செட்டு வைக்கிறதுக்கு."

அதோடு விட்டிருக்கலாம். நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தொழுவத்துக்குப் போனார். மூக்கணாங்கயிறு, கழுத்துமணி, தார்க்குச்சி, கொம்புக்கு வாங்கிய பெயிண்ட் டப்பா என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அந்த மேசைமேல் வைத்தார். என் பொய் சந்தேகத்துக்கு இடமாகிவிடக் கூடாதே என்று, மணியை ஒருதரம் நகர்த்திச் சரியாகவும் வைத்தார்.

மேடம் எழுந்து போய் ஒரு இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பெயிண்ட் படாத பழைய தேக்கு. குனிந்து மோந்தார். மெதுவாக மூடினார். புறப்படும்போது அப்பாவிடம், "உங்க மேசை ரொம்ப நல்லா இருக்குங்கய்யா" என்று கும்பிட்டுச் சொன்னார். என் பக்கம் திரும்பாமல் காரில் ஏறினார்.

கார் போனதும் உள்ளே ஓடிவந்து கயிற்றையும் மணியையும் எடுக்கப் போனேன். அப்பா, "கெடக்கட்டும்த்தா" என்றார்.

கிடந்தது. இன்றைக்கும் கிடக்கிறது. பொங்கல் முடிந்த வாரமே மேசையைத் தொழுவத்துச் சார்ப்புக்கு மாற்றிவிட்டார். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுத்து மேசை, எம்.ஏ. படித்தவள் எழுதுவது சாப்பாட்டு மேசையில். வீட்டில் அரிவாளோ ஆணியோ காணவில்லை என்றால் அம்மா, "ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்பாள். மாமா வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "மாப்ள ஆபீஸ்ல இருக்காரா, லீவா?" என்று குரல் கொடுப்பார். "மனு இருந்தாக் குடுத்துட்டுப் போங்க" என்று உள்ளிருந்து அப்பாவும் பதில் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருஷம் ஒருநாள் அப்பா தனியாக மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். அந்த மேசையை என் அறைக்கே கொண்டுபோகலாமா, நீலம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஏதேதோ உளறினேன். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அப்பா மாட்டின் முதுகில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டார்.

"அன்னைக்கி அந்தம்மா முன்னாடி என்னுதுன்னு சொல்லிட்டம்லத்தா. இப்பப் போயி மாத்துனா, நீ பொய் சொன்னதா ஆயிரும்" என்றார். "அது என்னுதுதேன். விடு."