‘லாம்’ வேட்பாளர்

வேட்பாளர்களில் பல ரகம் உண்டு. வானத்தை வில்லாக வளைக்கிறேன் என்பவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டுக் கேட்பவர், கும்பிட்ட கையை முடிவு வரும்வரை பிரிக்காதவர். இவர்களையெல்லாம் நீங்கள் தூரத்திலேயே கண்டுகொள்வீர்கள். நான் சொல்லப்போகிறவர் தனி ரகம். பொய்யே சொல்ல மாட்டார். பொய் சொல்வதற்கும் ஒரு வாக்கியத்தை முடித்தாக வேண்டுமே! இவர்தான் ‘லாம்’ வேட்பாளர்.

செய்யலாம். பார்க்கலாம். யோசிக்கலாம். தமிழில் எத்தனையோ விகுதிகள் இருக்க, ஐயா இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதுவரை ஒரு பகையும் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டார். அவருடைய ஹார்டுவேர் கடையில் போய், “இந்தப் பெயின்ட் மழைக்குத் தாங்குமா?” என்று கேளுங்கள். “தாங்கலாம்” என்பார். தாங்கினால் அவர் வாக்கு பலித்தது. உரிந்தால் அவர் ஒன்றும் சத்தியம் செய்யவில்லை. கல்யாணத்துக்கு முன்னால், என்னைப் பிடித்திருக்கிறதா என்று அவர் மனைவி நேராகவே கேட்டிருக்கிறார். “பண்ணிக்கலாம்” என்று பதில் வந்தது. இருபத்திநான்கு ஆண்டுகளாக அந்த அம்மாள் அதற்கு மேல் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் நகரக் கல்விக் குழுத் தேர்தலில் நின்றார். பெஞ்சு, கரும்பலகை, சுண்ணாம்பு அடிப்பது என்று இருக்கும், தம் கடைக்கும் பொருத்தம் என்று நினைத்திருந்தார். வந்து சேர்ந்ததோ காலநிலை மாற்றம்!

பள்ளத்தெருப் பள்ளியில் ஓர் அறிவியல் டீச்சர். ஒன்பது ஆண்டுகளாகப் பள்ளி மாடியில் மழைமானி வைத்து, பெய்ததைப் பெய்தபடி நோட்டில் எழுதி வருபவர். போன மழைக்கு வகுப்பறைக்குள் பதினோரு நாள் தண்ணீர் நின்றது. புத்தகங்கள் ஊறிப் பெருத்தன. தண்ணீர் வடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், “ஏன் டீச்சர் முன்ன மாதிரி இல்லாம இப்படிக் கொட்டுது?” என்று கேட்டார்கள். அவர் நோட்டைத் திறந்தார். காற்று சூடாவதையும், புகையையும், கடலையும் மேகத்தையும் ஆறு வகுப்புகளில் நடத்தத் திட்டமிட்டார். இரண்டு முடிந்தபோது லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் பள்ளிக்கு வந்துவிட்டார். “என் வண்டிப் புகையால உலகம் அழியுதுன்னு என் பொண்ணே என்னைக் கேக்குறா! இதுக்கா ஸ்கூலுக்கு அனுப்புறேன்?” தலைமையாசிரியர் ஒரு கடிதம் கொடுத்தார்: ‘புதிய கல்விக் குழு முடிவு செய்யும்வரை மேற்படி பாடத்தை நிறுத்திவைக்கவும்.’ மீதி நான்கு வகுப்பும் தேர்தல் பெட்டிக்குள் போய்விட்டது.

ஐயா என்ன செய்தார்? காலையில் பெற்றோர்களிடம், “பாடம் தாராளமா நடத்தலாம்” என்றார். கைதட்டல். மதியம் லாரி சங்கத்தில், “கொஞ்ச நாள் நிறுத்தியும் வைக்கலாம்” என்றார். அங்கும் கைதட்டல். பிரசாரத்துக்கு மூன்று வேன் இலவசம். மாலையில் பூங்காவில் நடக்கும் பெரியவர் ஒருவர், “அந்தக் காலத்துல இதைவிட வெயில் இல்லையா?” என்றதும், அவர் மனத்தை நோகடிப்பானேன் என்று, “இருந்திருக்கலாம்” என்றார். மூன்று இடத்திலும் மனசாட்சி சுத்தமாக இருந்தது. இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

டீச்சர் அவர் வீட்டுக்கே வந்தார். கையில் ஐயாவின் தேர்தல் அறிக்கை. அதில் ஏழாவது வரி: ‘பள்ளிகளில் காலநிலை மாற்றம் பற்றிக் கற்பிக்கலாம்.’

“சார், இதை மட்டும் ‘கற்பிக்க வேண்டும்’னு மாத்துங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

“மாத்தலாம்மா. ஆனா நடுநிலைன்னு ஒண்ணு இருக்கில்ல? பூமி சூடாகுதுன்னு ஒரு பீரியட், ஆகலைன்னு ஒரு பீரியட். ரெண்டும் நடத்தலாமே?”

“அப்ப ரெண்டும் ரெண்டும் நாலுன்னு திங்கக்கிழமை, அஞ்சுன்னு செவ்வாய்க்கிழமையா சார்?”

ஐயா மோட்டுவளையைப் பார்த்தார். “அதையும் யோசிக்கலாம்.”

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி சத்தமாகவே சிரித்துவிட்டார். “டீச்சர், நான் இருபத்திநாலு வருஷமாக் கேக்குறேன். உங்களுக்கு ஒரு வாரத்துல கிடைச்சிடுமா?”

கிடைத்தது! டீச்சரை நோகடிக்கவும் ஐயாவுக்கு மனம் வரவில்லை. மறுநாளே அச்சகத்துக்குப் போனார். ‘கற்பிக்கலாம்’ என்பதை அடித்தார். ‘கற்பிக்க வேண்டும்’ என்று எழுதினார். பேனாவை மூடினார். மூடிய பேனாவை மறுபடி திறந்தார். திருத்திய அறிக்கை வெளிவந்தது: ‘பள்ளிகளில் காலநிலை மாற்றம் பற்றிக் கற்பிக்க வேண்டும் எனலாம்.’

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, பள்ளத்தெருப் பள்ளிக் கூடத்திலேயே கடைசிக் கூட்டம். சுவரைச் சுற்றி இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு. போன மழையில் தண்ணீர் வந்து நின்ற இடம். ஐயா அந்தக் கோட்டுக்கு மேலே, மேடையில் இருந்தார். ஜனங்கள் கோட்டுக்குக் கீழே. முன்வரிசையில் லாரி சங்கத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐயா பேச்சை முடித்து, வழக்கம்போலக் கேட்டார். “என்ன, ஓட்டெல்லாம் நமக்குத்தானே?”

முன்னால் இருந்த ஒரு தாய் சொன்னார்: “போடலாம் சார்.”

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், “போடலாம், போடலாம்” என்றார். பின்வரிசையிலிருந்தும் வந்தது: “கண்டிப்பா போடலாம்!”

ஐயாவுக்கு வியர்த்தது. வேறு யாராவதாக இருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லின் எடை இவ்வளவு என்று ஐயாவைவிடத் துல்லியமாக அறிந்தவர் உலகில் எவருண்டு? ‘தாங்கலாம்’ என்று சொல்லி எத்தனை டப்பா பெயின்ட் விற்றவர்! மூன்று வாரம் அலைந்த கால் வலி, கரகரத்த தொண்டை எல்லாம் சேர்ந்து பொங்கிவிட்டது.

“அதென்னங்க போடலாம்? போடணும்! எல்லாரும் வந்து போடணும்!”

டீச்சர் எழுந்தார். “வருதே சார்! உங்களுக்கு ‘ணும்’ வராதுன்னு நாங்க எவ்வளவு கவலைப்பட்டோம்!”

“யாரு டீச்சர் வராதுன்னது?” வாசல் ஓரம் நின்ற கொத்தனார் குரல் கொடுத்தார். அவர் மகள் எட்டாம் வகுப்பு. “போன மழை முடிஞ்ச கையோட ஐயா என்னைக் கூப்பிட்டாரு. ‘வர வருஷம் இதைவிட மோசமா கொட்டும்பா, வீட்டைப் பேஸ்மட்டத்தோட மூணடி தூக்கணும், அடுத்த மழைக்கு முந்தி முடிக்கணும்’னு சொன்னாரு. அன்னைக்கு அவர் வாயில ஒரு ‘லாம்’ கூட வரலீங்க. நாந்தானே ஜாக்கி வச்சுத் தூக்கினேன்!”

அங்கே யாரும் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் ஐயாவுக்குத் தெரியாது என்றல்லவா எல்லோரும் நினைத்திருந்தார்கள்? தெரியும். நன்றாகத் தெரியும். தம் வீட்டுக்கு எவ்வளவு தெரியவேண்டுமோ, அங்குலக் கணக்கில் தெரியும். ‘லாம்’ என்பது மேட்டில் குடியிருப்பவரின் விகுதி. பள்ளத்தில் இருப்பவருக்கு வாய்த்தது ‘வரும்’, ‘வந்தது’ இரண்டுதான்.

“வீட்டுக்கு ‘ணும்’, பிள்ளைங்களுக்கு ‘லாம்’மா சார்?” என்றார் டீச்சர். “இப்பவாவது சொல்லுங்க. மீதி நாலு வகுப்பு நான் நடத்தணுமா, வேண்டாமா?”

ஐயா மைக்கைப் பிடித்தார். டீச்சரைப் பார்த்தார். சங்கத் தலைவரைப் பார்த்தார். வெளியே நின்ற மூன்று வேன்களையும் பார்த்தார்.

“நடத்த…” என்றார்.

சங்கத் தலைவர் கட்டிய கையைப் பிரித்தார்.

“நடத்த…”

அவ்வளவுதான். விகுதியில்லாத ஒரு வினைச்சொல்லை அந்தரத்தில் தொங்கவிட்டு மேடையைவிட்டு இறங்கியவர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

முடிவு வந்த அன்று அவர் சோர்ந்துபோய் வீடு திரும்பினார். புதுப் படிகள் ஐந்து, ஒவ்வொன்றாக ஏறினார். “தோத்துட்டீங்களா?” என்று கேட்டார் மனைவி. செருப்பைக் கழற்றிக்கொண்டே ஐயா சொன்னார்: “அப்படியும் சொல்லலாம்.”

ஜெயித்தவர் எப்படி? அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. டீச்சரோ அவர் திறப்பதற்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் முதல் பீரியடே மழை நோட்டோடு எட்டாம் வகுப்புக்குள் போனார். தலைமையாசிரியர் பின்னாலேயே ஓடிவந்தார்.

“என்னம்மா இது, புதுக் குழு இன்னும் கூடவே இல்லையே! உத்தரவு வர வேண்டாமா?”

“உத்தரவு வரலாம் சார்” என்றார் டீச்சர், சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டே. “மழை வரும்.”

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் என்ன சொல்லித்தருகிறார்கள், எதைச் சொல்லித்தரவில்லை என்று போய்க் கேட்கலாம் என்று நீங்களும் நினைத்ததுண்டு இல்லையா? எந்த வருஷம் நினைத்தீர்கள்? அந்த ஐயாவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நான் அந்த ரகமே இல்லை என்கிறீர்களா?

இருக்கலாம்.