பிரிக்காத உறை

“மாமா, இந்தக் குளிசை தலைக்குப் போய்ச் சேர எத்தின சென்றி தாண்டணும்?”

ஏறாவூரிலிருந்து தாயோடு வந்திருந்த சபீனா, உள்ளங்கையில் இருந்த வெள்ளைக் குளிசையைப் பார்த்தபடி கேட்டாள். ஆறு வயது. தலையிடி. வரும் வழியில் மூன்று சென்றியில் ஆமிக்காரரின் சோதனைக்காகப் பஸ்ஸால் இறங்கி, வரிசையில் நடந்து, மறுபடி ஏறி வந்த பிள்ளை.

“குளிசைய ஒருத்தரும் மறிக்க மாட்டாங்க மகள்,” என்றான் மருந்து எண்ணிக் கொடுத்த அழகரத்தினம்.

“அதுக்கு அடையாள அட்டை இரிக்கா?”

தாய் சிரித்தாள். புளியந்தீவில் அந்த மருந்துக்கடையை முப்பது வருடமாக நடத்தும் வினாயகமூர்த்தி ஐயாகூட மீசைக்குள் சிரித்தார். அழகரத்தினத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு அவன் மனைவி அன்னப்பூரணி அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். பிறக்கப்போகும் பிள்ளையும் இப்படிச் சென்றி எண்ணித்தான் வளருமோ என்ற நினைப்பில், அன்று முழுவதும் குளிசை எண்ணுகிற தட்டில் அவனுக்கு எண்ணிக்கை பிசகிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே நியூசிலாந்துக்கு எழுதிப்போட்டான். மருந்தாளர் வேலைக்கு அங்கே அனுமதி வேண்டும் என்று.

ஏன் நியூசிலாந்து? மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் தொங்கிய கலண்டரில் அந்த நாட்டு ஏரி ஒன்று இருந்தது. கடைக்குப் பின்னால் மட்டக்களப்பு வாவி. மத்தியான வெயிலில் இரண்டு தண்ணீரும் ஒரே தண்ணீர் போலத் தோன்றும். இங்கே ஒரு தோணியைத் தள்ளிவிட்டால், மெல்ல மெல்லப் போய் அங்கே கரைதட்டும் என்று நினைத்துக்கொள்வான். இருமலுக்குப் பாணி ஊற்றிக்கொடுத்தபடியே, செம்மறியாடுகளுக்கு நடுவே பிள்ளையின் கையைப் பிடித்து நடந்துவிட்டு வருவான்.

பதில் வந்தது. எல்லாம் சரி, பரீட்சை எழுதலாம். ஒன்றே ஒன்றுதான் குறை. எவரின் கீழ் வேலை பழகினானோ அவர் தம் கையால் ஒரு நற்சான்று எழுதி, தாமே ஒட்டி, முத்திரையிட வேண்டும். விண்ணப்பிப்பவர் அதைப் பார்க்கவே கூடாது. முத்திரை உடைந்த உறை ஏற்கப்படாது. ஓகஸ்ட் முப்பத்தொன்று கடைசி நாள்.

“நீ போனா இந்த டாக்டர்மாரிட எழுத்த ஆருடா வாசிக்கிற? கோழி கிளறின மாதிரி எழுதுறாங்கள்,” என்று புறுபுறுத்துக்கொண்டே ஐயா எழுதினார், ஒட்டினார், அரக்கை உருக்கி முத்திரை குத்தினார்.

ஊர்த் தபாலில் போட்டால் வழியில் பிரிபடும். கொழும்புக்குக் கொண்டுபோய்ப் போடுவதென்று புறப்பட்டவனைப் பாலத்துச் சென்றியில் ஆமிக் கோப்ரல் மறித்தான்.

“இது என்ன மாத்தயா?”

“கடிதம் சேர்.”

“யாரைப் பத்தி?”

“என்னைப் பத்தி.”

“என்ன எழுதி இருக்கு?”

“தெரியாது சேர்.”

கோப்ரல் அவனை மேலும் கீழும் பார்த்தான். அரக்கு உடைந்தது. கோப்ரலுக்கு ஆங்கிலம் வராது. “வாசிங்க,” என்று கடிதத்தை நீட்டினான்.

அழகரத்தினம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். “நான் பார்க்கக் கூடாது சேர். சட்டம்.”

மூடிய கண்ணோடு அவன் நின்ற நிலையைப் பார்த்து, வரிசையில் நின்ற பெண்ணொருத்தி, “ஐயோ, தம்பிக்கு வலிப்பு!” என்று போத்தல் தண்ணீர் முழுவதையும் முகத்தில் ஊற்றினாள். நற்சான்றும் நனைந்தது.

ஐயாவிடம் மறுபடி எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டாம் தடவை புத்தியோடு போனான். உறையின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ‘தயவுசெய்து பிரிக்க வேண்டாம்’ என்று எழுதினான். அன்று உறையை மட்டுமல்ல, அவன் செருப்பின் அடியையும் பிரித்துப் பார்த்தார்கள்.

மூன்றாம் தடவை ஐயாவிடமே கேட்டான். “ஐயா, நீங்க ஒருக்கா கொழும்புக்கு வந்து அங்க வைச்சு ஒட்டித் தந்தா...”

“மாமாங்கப் பிள்ளையார் திருவிழாவுக்கே நான் பாலம் தாண்டிறல்ல. உனக்காகத் தாண்டுவனா? போய் வேலையப் பாரு!”

அது உண்மை. மூன்று வருடத்துக்கு முன் அதே சென்றியில், மருந்துப் பெட்டியோடு வந்த ஐயாவை நாலு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். கூட வந்த அழகரத்தினத்தைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவன் போகவில்லை. பக்கத்தில் நின்று அவருக்குக் குடை பிடித்தான். ஐயா அதற்கு ஒரு வார்த்தை சொன்னவரல்ல. மறுநாள், “நேத்து ஏன்டா கடையப் பூட்டிப் போட்டா?” என்று ஏசினார். அன்றிலிருந்து அவர் பாலத்துக்கு அங்கால் கால் வைக்கவில்லை.

ஆள் வராவிட்டால் முத்திரையாவது வரட்டும் என்று, ஐயா மறுபடி எழுதிய கடிதத்தை ஒட்டாத உறையில் வைத்து, அவருடைய முத்திரைச் சீல், அரக்கு, மெழுகுதிரி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனான். தானே ஒட்டுவது பிழை என்று மனம் குத்தியது. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். பிள்ளையார் மன்னித்தாரோ என்னவோ, சென்றியில் மன்னிக்கவில்லை. வேறொருவர் பெயரில் சீல் வைத்திருப்பவன் கள்ளப் பாஸ் அடிப்பவனாகத்தான் இருப்பான் என்று முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாயும்போது சீலோடு திருப்பி அனுப்பினார்கள். சீல் சரியாக வேலை செய்கிறதா என்று அவன் இரண்டு கையிலும் குத்திப் பார்த்திருந்தார்கள்.

“என்ட பேரக் கையில குத்திக்கொண்டு ஊரெல்லாம் திரியிறாய்!” என்றார் ஐயா.

ஐயாவுக்கு அவனை அனுப்ப விருப்பமில்லை என்று அப்போது அழகரத்தினம் நிச்சயமாக நினைத்தான். கலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினான்.

அடுத்த வாரம் ஐயா மூன்று நாள் கடைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். மனத்தாங்கல் இருந்தாலும், காய்ச்சல் மாத்திரையும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஐயாவின் மனைவி சீதேவிப்பிள்ளை வாசல் படலையிலேயே மறித்தாள்.

“நித்திரை கொள்ளுறார் மகன். எழுப்பப்படாது.”

“ஒருக்கா நாடி பார்த்திட்டு...”

“நாடி நல்லாத்தான் இரிக்கு. நீ போய்க் கடையப் பாரு!”

முகத்தைக் காட்டவும் விருப்பமில்லைப் போலும் என்று திரும்பிவிட்டான். நாலாம் நாள் ஐயா வந்தார். காய்ச்சல்காரருக்கு முகமெல்லாம் எப்படிக் கறுத்தது என்று அவன் கேட்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது நியூசிலாந்திலிருந்து கடிதம் வந்தது. ‘முத்திரை உடையாத நற்சான்று கிடைத்தது. பரீட்சைக்கு வரவும்.’

அழகரத்தினம் கடிதத்தை மூன்று தரம் வாசித்தான். போய்ச் சேராத மூன்று உறைகளும் அவன் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தன. நனைந்துகொண்டே மாமாங்கப் பிள்ளையார் கோயிலுக்கு ஓடிப் பத்துத் தேங்காய் உடைத்தான்.

“ஐயா, பிள்ளையார் கொண்டுபோய்க் குடுத்திட்டார்!”

“ஓமோம். அவருக்கு வேற வேலையில்ல,” என்றார் ஐயா. “தேங்காய்ச் சொட்டுக் கொண்டு வந்தியா?”

புறப்படும் நாள் வந்தது. அன்னப்பூரணி திருநீறு பூசி விட்டாள். ஐயா கடை வாசல்வரைகூட வரவில்லை, யாருடைய மருந்துத் துண்டையோ வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். மழை விட்ட வாவி அசையாமல் கிடந்தது. பாலத்தின் மேல் நடந்தபோது, தோணி ஒன்று தன்னை ஏற்றிக்கொண்டு மெல்ல நகர்வது போலவே இருந்தது அவனுக்கு.

“மாத்தயா, கடிதம் போனதா?” சென்றியில் அதே கோப்ரல்.

“போயிட்டுது சேர். எங்கட பிள்ளையார் கொண்டு போனவர்.”

“பிள்ளையாரா?” கோப்ரல் சிரித்தான். “உங்க முதலாளிதானே கொண்டு போனது. கடிதம் ஒட்டவே இல்ல. சீல், மெழுகுதிரி எல்லாம் மேசையில வைச்சு, ‘இப்பவே நல்லாப் பாருங்க, நான் கொழும்பில போய் ஒட்டுறது’ எண்டு சொன்னது. எங்க பெரியவர் வர நாலு மணித்தியாலம். சரியான வெயில்.”

அழகரத்தினத்தின் கையிலிருந்த பை கீழே இறங்கியது.

“பாவம், வயசு போன ஆள். நான் குடை ஒண்டு குடுத்தன் மாத்தயா. வேண்டாம் எண்டு சொன்னது. ‘என்ட குடை இண்டைக்குக் கடையப் பார்க்குது’ எண்டு சொன்னது.”